பனை ஓலைத் தொழிலில் கைக்கூலியும் கணக்கும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் நிலமுடையோரும் நிலமற்றோரும் ஒருங்கே நம்பியிருக்கும் மரம் பனை. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களின் செம்மணல் தேரிகளில் வேறு பயிர் நிலைக்காத இடத்திலும் பனை நிற்கிறது. மரமேறிப் பதநீர் இறக்குவது ஆண்களின் வேலை. அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதும், ஓலையைப் பெட்டியாகவும் சுளகாகவும் விசிறியாகவும் முடைவதும் பெண்களின் வேலை.

நாள் முழுவதும் பெட்டி முடைந்த ஒரு பெண்ணிடம், "இன்று உங்களுக்கு எவ்வளவு கூலி நின்றது?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. ஓலை வாங்கிய விலை தெரியும். பெட்டி விற்ற விலையும் தெரியும். இடையில் தம் கையுழைப்பு என்ன விலைக்குப் போயிற்று என்பது தெரிவதில்லை. ஓலைத் தொழில் வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே, ஓலையைத் தேர்ந்தெடுப்பது முதல் பொருளை விற்பது வரை கவனிக்க வேண்டியவற்றையும், கைக்கூலியைக் கணக்கிடும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

மணப்பாடு காட்டும் வழி

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி அமைந்துள்ள மீனவர் ஊர் மணப்பாடு. அங்குள்ள பெண்கள் பனை ஓலையில் வண்ணப் பெட்டிகள், கூடைகள், தட்டுகள் முதலியவற்றை முடைவதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பொருள்களை ஒன்றுதிரட்டி விற்றதால், அவ்வூர் ஓலைப் பொருள்கள் வெளிமாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றன. கடல் தொழிலில் ஒரு நாள் வலை நிறையும். பல நாள் வெறுங்கையாய் வர நேரும். காற்றடிக்கும் நாட்களில் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். அந்நாட்களில் வீட்டிலிருந்தபடியே கிடைக்கும் ஓலைக் கூலி குடும்பத்திற்குப் பெரிய துணை.

மணப்பாட்டின் கைத்திறன் ஒருபுறம் இருக்க, தனித்தனியே விற்காமல் ஒன்றுசேர்ந்து விற்றதையே இங்கு முதன்மையாகக் கவனித்தல் வேண்டும். தனியாக ஐந்து பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்பவர், மாலைக்குள் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடியில் வியாபாரி சொன்ன விலைக்குத் தருவார். ஐந்நூறு பெட்டிகளை ஒரே அளவில் வைத்திருக்கும் சங்கத்தைத் தேடி வியாபாரியே வருவார்.

இதே கடற்கரையின் முத்துக்குளிப்பு வரலாறும் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தூத்துக்குடிப் பார்களில் எடுக்கப்பட்ட சிப்பிகள் மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டன. இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு. அந்த ஒரு பங்கையும் அவர்கள் கரையிலேயே கைக்காசுக்கு விற்றனர். காத்திருந்து விற்கும் வசதி பெற்ற வணிகர்களுக்கே முத்தின் முழு விலையும் கிட்டியது. பின்னர் பார்களில் சிப்பிகளும் குறைந்தன. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்புக்குப் பின் அத்தொழில் நின்றேபோயிற்று. விற்கக் காத்திருக்கும் வலிமையும், மூலப்பொருளை அழியாமல் காக்கும் பொறுப்பும் எந்தக் கைத்தொழிலுக்கும் தேவை. ஓலைத் தொழிலுக்கும் அவ்வாறே.

ஓலையைத் தேர்ந்தெடுத்தல்

நுண்ணிய வேலைக்கு விரியாத குருத்தோலையே ஏற்றது. அது வெண்மையாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். விரிந்து முற்றிய சாரோலை உறுதியானது. கடகம், சுளகு, பாய் முதலிய பெரிய பொருள்களுக்கு அது போதும். எல்லாப் பொருளுக்கும் குருத்தையே வெட்டுவது வீண் செலவு, மரத்திற்கும் கேடு.

குருத்து மரத்தின் வளரும் உறுப்பு. அடுத்தடுத்துக் குருத்தை எடுத்தால் மரத்தின் தலை சிறுத்து, வளர்ச்சி குன்றும். ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. ஒரு மரத்தில் ஒரு தடவைக்கு ஒரு குருத்து மட்டும் எடுக்கவும்.

2. ஒரு குருத்து எடுத்தபின், அடுத்து வரும் இரண்டு குருத்துகளாவது விரிந்து பச்சை ஓலையாகும் வரை அம்மரத்தை விட்டுவிடவும்.

3. பதநீர் இறக்கும் மரங்களில், இறக்கும் பருவத்தில் குருத்து எடுக்க வேண்டாம்.

4. மரமேறும் ஆட்கள் அருகிவரும் ஊர்களில், கைக்கு எட்டும் வடலிகளிலிருந்து ஓலை எடுக்கலாம். வடலிகளுக்கு அடையாளமிட்டு முறைவைத்து வெட்டினால் ஒரே மரம் திரும்பத் திரும்ப வெட்டுப்படாது.

பதப்படுத்துதலும் சாயமிடுதலும்

வெட்டிய குருத்தைப் பிரித்து, ஈரம் நீங்கும் வரை சில நாட்கள் வெயிலில் உலர்த்த வேண்டும். பின்னர் ஈர்க்கை நீக்கி, ஓலையைத் தேவையான அகலத்தில் வகிர வேண்டும். கைப்பழக்கத்தால் கத்தியைக் கொண்டு வகிர்வதைவிட, ஒரு மரக்கட்டையில் சம இடைவெளியில் பதித்த தகடுகளின் வழியே ஓலையை இழுத்தால் எல்லா இழையும் ஒரே அகலமாக வரும். நேரமும் மிச்சமாகும்.

சாயமிடுவதற்குக் கொதிக்கும் நீரில் சாயத்தைக் கரைத்து, ஓலைக் கட்டுகளை முழுவதும் அமிழ்த்தி, நிறம் சீராகப் பிடிக்கும் வரை புரட்டிவிட வேண்டும். எடுத்தபின் அலசும் நீர் தெளியும் வரை கழுவி, நிழலில் உலர்த்தவும். வெயிலில் உலர்த்தினால் நிறம் மங்கும். கடலோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உப்பாக இருக்கும். அத்தண்ணீரில் அலசினால் ஓலையில் உப்புத் தங்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் பெட்டியில் எளிதில் பூசணம் பிடிக்கும். ஆகையால் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்க. சாயப் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தின்பண்டம் நேரடியாகப் படும் பெட்டிகளுக்குச் சாயமிடாத வெள்ளோலையையே பயன்படுத்த வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓலை சரிவர உலராது. அக்காலத்திற்கு வேண்டிய ஓலையைக் கோடையிலேயே உலர்த்தி, தரையில் படாமல் பரண்மேல் சேமித்து வைத்துக்கொள்ளவும். முடையும்போது மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பதமாக்கினால் போதும். முடைந்து முடித்த பொருளை மீண்டும் நன்கு காயவிட்ட பின்னரே அடுக்க வேண்டும்.

அளவும் தரமும்

நூறு பெட்டி வேண்டும் என்று கேட்கும் கடைக்காரர், நூறும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றே எதிர்பார்ப்பார். பத்துப் பேர் பத்து அளவில் முடைந்தால் மூடி பொருந்தாது. அட்டைப் பெட்டியில் அடுக்க இயலாது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மர அச்சுக்கட்டை செய்து உறுப்பினர் எல்லோருக்கும் கொடுத்துவிடுக. அடிப்பாகம், உயரம், மூடி ஆகியவற்றை அச்சில் பொருத்திப் பார்த்த பின்னரே பொருளை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வேண்டும். விளிம்பு பிரியாமை, ஓலை நுனி வெளியே துருத்தாமை, நிறம் கையில் ஒட்டாமை ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் யாராக இருப்பினும், தம் உறவினர் முடைந்ததற்கு ஓர் அளவு, பிறர் முடைந்ததற்கு வேறோர் அளவு என்று பாராட்டலாகாது. குழுக்களில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

விலை போடும் முறை

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். முதலில் ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை அறிய வேண்டும். மூன்று நாட்கள், வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் குறித்து வாருங்கள். முடையும் நேரத்தை மட்டுமன்றி ஓலை வகிர்தல், பதமாக்குதல், விளிம்பு கட்டுதல் ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேர்க்கவும். மொத்த நேரத்தை முடிந்த பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பெட்டிக்கான நேரம் கிடைக்கும்.

கீழே உள்ளது முறையை விளக்குவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் ஊர் விலைகளை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பத்துக் கருப்பட்டிப் பெட்டிகளுக்கு:

ஓலை — 120 ரூபாய்
விளிம்பு நார் முதலியன — 20 ரூபாய்
கருவித் தேய்மானம் — 10 ரூபாய்
வண்டிக் கூலி — 30 ரூபாய்
பொருட்செலவு மொத்தம் — 180 ரூபாய்

பெட்டி ஒன்றுக்கு 45 நிமிடம் எனில், பத்துப் பெட்டிகளுக்கு ஏழரை மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் கூலி என வைத்தால் 375 ரூபாய். இரண்டும் சேர்ந்து 555 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்காகிய 55 ரூபாயைக் குழுவின் ஒதுக்கு நிதிக்குச் சேர்த்தால் 610 ரூபாய். ஆக, பெட்டி ஒன்றின் விலை 61 ரூபாய்.

ஒரு வியாபாரி அதே பெட்டியை 40 ரூபாய்க்குக் கேட்கிறார் எனக் கொள்வோம். பத்துப் பெட்டிக்கு 400 ரூபாய் கைக்கு வரும். முதலில் பார்க்கையில் ஓலைக்கும் வண்டிக்கும் போக 220 ரூபாய் லாபம் என்றே தோன்றும். உண்மையில் அது லாபமன்று. ஏழரை மணி நேர உழைப்பின் கூலி. மணிக்கு 29 ரூபாய் சொச்சமே நின்றது. கைக்கூலியைக் கணக்கில் சேர்க்காதவருக்கு இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. நாளடைவில், "ஓலை முடைந்து என்ன கண்டோம்?" என்று அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். மகளுக்கும் அத்தொழிலைச் சொல்லித் தரமாட்டார். ஓர் ஊரின் கைத்தொழில் இப்படித்தான் ஓசையின்றி அற்றுப்போகிறது.

கூலியைக் குறைக்காமல் விலையைக் குறைத்தல்

61 ரூபாய்க்குக் கடைக்காரர் வாங்க மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழலாம். விலையைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் கூலியில் கை வைக்காமல், வீணாகும் நேரத்தில் கை வைக்க வேண்டும்.

தகடு பதித்த கட்டையால் ஓலை வகிர்தல், ஓலையை ஒரே நாளில் மொத்தமாகப் பதமாக்குதல், விளிம்பு கட்டுவதில் விரைவுள்ளவருக்கு அவ்வேலையை மட்டும் ஒதுக்குதல் ஆகியவற்றால் பெட்டிக்கு 45 நிமிடம் என்பது 35 நிமிடமாகக் குறைகிறது எனக் கொள்வோம். பத்துப் பெட்டிகளுக்கு 5 மணி 50 நிமிடம். கூலி ஏறத்தாழ 292 ரூபாய். பொருட்செலவு 180 ரூபாய் சேர்ந்து 472 ரூபாய். ஒதுக்கு 47 ரூபாய் சேர்ந்து 519 ரூபாய். பெட்டி விலை 52 ரூபாயாகிறது. மணிக் கூலி அதே 50 ரூபாயாகவே இருக்கிறது. கடைக்காரருக்கு ஒன்பது ரூபாய் குறைந்தது; முடைந்தவருக்கு ஒரு காசும் குறையவில்லை.

இதற்குப் பின்னும் விலை கட்டாவிட்டால், அப்பொருளை விட்டு வேறு பொருளுக்கு மாறுவதே முறை. எவ்வளவு முயன்றாலும் கூலி நிற்காத பொருள்கள் சில உண்டு. அவற்றை அடையாளம் கண்டு கைவிடவும் இக்கணக்கு உதவும்.

குழுவாக இயங்குதல்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-இல் தொடங்கியது. இன்று பெரும்பாலான ஊர்களில் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் சேமிப்பும் கடனும் நடத்தும் குழு, தானாகவே தொழில் நடத்தும் குழுவாகிவிடாது. அதற்குச் சில கூடுதல் ஏற்பாடுகள் வேண்டும்.

முதலாவது, மூன்று ஏடுகள். ஓலை வரவும் பங்கீடும் ஓர் ஏட்டில். யார் எத்தனை பொருள் கொடுத்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்பது இரண்டாம் ஏட்டில். விற்பனையும் வரவேண்டிய பாக்கியும் மூன்றாம் ஏட்டில். மாதம் ஒருமுறை எல்லா உறுப்பினர் முன்னிலையிலும் இவற்றை உரக்கப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, பொருளைக் கொடுத்தவுடன் கூலி. கடைக்காரர் பணம் அனுப்ப ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். அதுவரை உறுப்பினரைக் காத்திருக்கச் சொன்னால், வீட்டில் அரிசி தீர்ந்த அன்று அவர் பெட்டியை உள்ளூர் வியாபாரியிடம் கொடுத்துவிடுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. முன்னர்க் கூறிய ஒதுக்கு நிதி இதற்காகவே. வாரந்தோறும் அதிலிருந்து கூலி வழங்கி, விற்பனைப் பணம் வந்ததும் ஈடு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, முன்பணத்தில் கவனம். பொருள் முழுவதையும் தமக்கே தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் முன்பணம் தருவோர் உண்டு. அப்பணத்தை ஏற்றால் விலையும் அவர் கைக்குப் போய்விடும். குழுவின் வங்கிக் கடனை, கையில் உள்ள எழுத்து மூலமான ஆணையின் அளவுக்கு மட்டும் பெறுக. விற்குமா என்று தெரியாத பொருளைக் கடன் வாங்கிச் செய்து குவிக்க வேண்டாம்.

எதைச் செய்வது? எங்கே விற்பது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஓலைப் பெட்டி, ஓலைப் பை ஆகியவற்றைக் கேட்போர் பெருகினர். நம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப் பெயரால் விற்கும் பண்டத்திற்கு ஊர் ஓலைப் பெட்டியே பொருத்தமான உறை. ஆனால் ஓலைப் பெட்டியில் காற்றுப் புகும் என்பதை மறக்கலாகாது. கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். தூத்துக்குடி மக்ரூன் ஈரக்காற்றில் மொறுமொறுப்பை இழக்கும். ஆகையால் இவற்றை உணவுக்கு உகந்த உள்ளுறையில் இட்டு, ஓலைப் பெட்டியை வெளியுறையாகத் தருவதே சரி.

தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் திருவிழா, திருச்செந்தூர் கந்த சஷ்டி, குலசேகரன்பட்டினம் தசரா ஆகிய நாட்களில் இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகின்றனர். அவர்கள் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை ஆகியவை அங்கு விலைபோகும். திருமணத் தாம்பூலப் பெட்டிகளுக்கு முன்கூட்டியே ஆணை பெறலாம். செட்டிநாட்டில் வழக்கொழிந்து வந்த ஓலைக் கொட்டான், நிறமும் வடிவமும் திருத்தப்பட்டு விழாப் பரிசுப் பெட்டியாக மறுவாழ்வு பெற்றதையும் புவிசார் குறியீடு பெற்றதையும் நினைவில் கொள்க. பழைய கைத்திறனைப் புதிய தேவையோடு இணைத்ததால் விளைந்த பயன் அது.

வெளிநாட்டு ஆணைகளுக்குத் தூத்துக்குடித் துறைமுகம் அருகிலிருப்பது வசதி. பனந்தும்பு நெடுங்காலமாக இத்துறைமுகத்தின் வழியே ஏற்றுமதியாகி வந்திருக்கிறது. எனினும் தாவரப் பொருள்களுக்குப் பூச்சி நீக்கச் சான்று தேவையா என்பதை வாங்குவோரிடம் முதலிலேயே கேட்டறிந்து, அச்செலவையும் விலையில் சேர்த்துக்கொள்க. முதல் ஆணையைச் சிறிதாக ஏற்று, குறித்த நாளில் அனுப்பி நற்பெயர் பெற்ற பின்னர்ப் பெரிய ஆணைகளுக்குச் செல்வது நலம்.

மரம் இருந்தால்தான் ஓலை

பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாகப் பெருமையுடன் கூறுகிறோம். ஆயினும் செங்கல் சூளைக்கும் மனைப் பிரிவுக்கும் வெட்டப்பட்ட பனைகள் ஏராளம். 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்றும் கூறப்பட்டது.

ஓலை முடையும் குழுக்கள் ஆண்டுதோறும் பனங்கொட்டை ஊன்றுவதையும் தொழிலின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும். நன்கு பழுத்த பழத்தின் கொட்டைகளை மழை தொடங்கும் முன், நிலையாக நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுக. முளை ஆழமாக மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காவதால், பிடுங்கி நடுவது பனைக்கு ஒத்துவராது. தனித்தோப்பாயின் 3 மீட்டர் இடைவெளியில் ஊன்றலாம். எக்டேருக்கு ஏறத்தாழ 1,100 மரங்கள் நிற்கும். வயல் வரப்பு, குளக்கரை, தேரி ஓரம் ஆகியவையும் ஏற்ற இடங்களே. பதநீருக்குப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். ஓலையோ வடலிப் பருவத்திலேயே கிடைத்துவிடும்.

தொடங்க விரும்புவோருக்கு

பனை சாகுபடி பற்றிக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலும், வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். கைவினைஞர் அடையாள அட்டை மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சித் துறையால் வழங்கப்படுகிறது. கண்காட்சிகளில் பங்குபெற அது உதவும். கைவினைத் தொழில்களுக்கு மானியத்துடன் கடன் வழங்கும் கலைஞர் கைவினைத் திட்டத்தை மாநில அரசு 2025-இல் தொடங்கியது. இதன் நடப்பு விவரங்களையும் பிற கடனுதவிகளையும் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து அறியலாம்.

ஆனால் எந்த அலுவலகத்திற்கும் செல்லுமுன், சகோதரிகளே, நாளைக் காலை ஓலையைக் கையில் எடுக்கும்போது மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி முடிந்ததும் மீண்டும் குறியுங்கள். மூன்று நாள் குறிப்பைக் கொண்டு, உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று கண்டுபிடியுங்கள். அந்த எண் கையில் இருந்தால், வியாபாரி விலை கேட்கும்போது எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதில் ஐயம் இராது.